விபூதிப் புதனில் வந்த மாட்டிறைச்சி

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வந்தபோது கைபேசி அடித்தது. "பிள்ளை, அந்தப் பண்ணை மனுசன் வான் வண்டியோடை வந்து வாசல்லை நிக்கிறார். பெட்டியளை இறக்குறார். கெதியா வா," என்றார் மச்சாள், என் கணவரின் மூத்த சகோதரி. அன்று விபூதிப் புதன். அன்று தொடங்கி, ஈஸ்டர் என்கிற பாஸ்குப் பெருநாள் வரை எங்கள் கத்தோலிக்க ஆட்கள் இறைச்சியைத் தொடுவதில்லை. பலர் வீட்டுக்குள்ளேயே எடுப்பதில்லை. அந்த நாள் பார்த்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடி வீட்டுக்கு அறுபது கிலோ மாட்டிறைச்சி வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மச்சாள் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்துகொண்டிருந்தார். கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரியின் தமையன் நோர்மண்டியில் மாடு வளர்ப்பதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. கடையில் தட்டில் வைத்து விற்கிற இறைச்சி எந்த மாட்டினது, எப்போது வெட்டியது, யாருக்குத் தெரியும் என்பார். கோயிலுக்கு வருகிற ஆறு குடும்பங்களைப் பேசிச் சேர்த்தார். வீட்டுக்குப் பத்துக் கிலோ. பிறகு, பிரெஞ்சு தெரிந்த ஒரே குற்றத்துக்காக என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ரயிலும் ஒரு பேருந்தும் ஏற்றிப் பண்ணைக்குக் கூட்டிப்போனார். கணுக்கால்வரை சேறு. மழை. என் ஒரே ஓய்வு நாள்.

அங்கே மச்சாள் வேலிக் கம்பியில் கை வைத்து ஒரு பசுவின் கொம்பிலிருந்த வளையங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது ரெண்டு கண்டு போட்ட மாடு. கேட்டுப்பார்," என்றார். கேட்டேன். பண்ணைக்காரர் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி, ஆமாம் மதாம், இரண்டுதான் என்றார். மச்சாள் ஊரில், வன்னியில், மாடு வளர்த்தவர் என்று நான் சொன்னதும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புல்லைப் பற்றியும் கன்று ஈனும் மாதங்களைப் பற்றியும் அவரிடமே கேட்டார். ஹோட்டலில் மச்சாளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் பண்ணைக்காரர், பெப்ரவரி நடுவில் ஒரு புதன்கிழமை கொண்டுவரலாமா என்று கேட்டார். நான் யோசிக்காமல் 'உய்', ஓம் என்றேன். என்ன சொல்லுறார் என்று மச்சாள் கேட்டதற்கு, "வீட்டை கொண்டுவந்து தருவாராம், நடவுங்கோ," என்றேன்.

ஆறு பெட்டிகளையும் நானும் மச்சாளும் நாலு மாடி தூக்கினோம். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தோம். ஒருவரும் வாங்க வரவில்லை. "தபசு காலம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? பாஸ்கு கழியட்டும்," என்றார்கள். ஓர் அக்கா, மச்சாளுக்கு வேதமே மறந்துபோச்சு என்று கோயில் வாசலில் நின்று சொன்னாராம். பக்கத்துத் தெருவான ரூ பெர்தொனேயில் பழக்கமான கடைக்காரரிடம் பெரிய ஃப்ரீசர் இருந்தது. அவரிடம் கெஞ்சினேன். "கோவிக்காதையுங்கோ அக்கா. சாமிப் படத்துக்குக் கீழைதான் அது நிக்குது," என்றார். பக்கத்து வீட்டு மாலி நாட்டுக்காரரோ ஹலாலா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். உலகத்தில் ஒருவருக்கும் வேண்டாத இறைச்சியாக அது சமையலறை நிலத்தில் கிடந்தது.

"திருப்பி அனுப்புவம் மச்சாள்," என்றேன்.

"விசரே உனக்கு? எங்கடை பேரைச் சொல்லி வெட்டின மாடு. அந்த மனுசனுக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது?"

இரண்டு பெட்டி அவர் ஃப்ரீசரில் திணிக்கப்பட்டது. இரண்டு, புறநகர் கார்ஜிலிருந்த என் வீட்டுக்கு ரயிலில் போனது. மிச்சம் இரண்டையும் வத்தல் போடுவது என்று மச்சாள் முடிவெடுத்தார். வேலை முடிந்து வந்து மூன்று மாலைகள் இறைச்சியை நீளநீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பூசி, நூலில் கோர்த்து, வீடு கூட்டும் தும்புத்தடிகளில் கட்டி, ஹீட்டருக்கு முன்னால் தொங்கவிட்டோம். உப்புப் பட்டு என் விரல்கள் எரிந்தன. என் அலுவலக உடுப்பெல்லாம் மணத்தது. கீழ்வீட்டுக்காரி முறைப்பாடு செய்ய, கட்டடக் காவல்காரி மேலே வந்து எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப்போனாள். அவ்வளவு நாளும் நான் வாய் ஓயாமல் மச்சாளைத் திட்டினேன். ஒரு கலண்டரைப் பார்க்கத் தெரியாதா, இப்படியும் ஒரு மனுசி இருப்பாவா என்றெல்லாம் கேட்டேன். அவர் குனிந்தபடி கீறிக்கொண்டே இருந்தார். ஊராரிடமும் வாய் திறக்கவில்லை.

பாஸ்கு அன்று ஆறு குடும்பமும் நாலு மாடி ஏறி வந்தது. இரண்டு வீட்டு ஃப்ரீசரிலும் இருந்ததைப் பங்குபோட்டு எடுத்தார்கள். வத்தல் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். வேதம் மறந்துபோச்சு என்ற அக்கா ஒரு பை வத்தல் கேட்டு வாங்கிப்போனார். எல்லாரும் போன பிறகு மச்சாள் சட்டி கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பெப்ரவரி, புதன் எண்டு அவர் சொன்னது எனக்கும் விளங்கினது," என்றார், திரும்பாமலே. "அண்டைக்கே வீட்டை வந்து கலண்டரைப் பாத்தனான், விபூதிப் புதன் எண்டு கிடந்தது. நீ ஓம் எண்டு சொல்லிப்போட்டாய். பிறகு மாத்தினால் அந்த மனுசன் உன்னையெல்லோ ஒரு மாதிரி நினைப்பார்."

எனக்கு வந்தது வெட்கமா எரிச்சலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொண்டே ஒரு மனுசி நாற்பது நாள் பேச்சு வாங்குவாரா? முதலே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் விரல்களாவது தப்பியிருக்கும். துணியை உதறிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது மச்சாள் துலூஸில் மகளோடு இருக்கிறார். நான் சூப்பர்மார்க்கெட்டில் அரைக் கிலோத் தட்டு வாங்குகிறேன். அது எந்த மாடு என்று எனக்குத் தெரியாது. போன ஞாயிறு மனதைத் திடப்படுத்திக்கொண்டு தொலைபேசி எடுத்து, அந்தப் பழைய விஷயத்தைத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"அதை விடு பிள்ளை. இஞ்சை பக்கத்திலை ஒரு மனுசன் செம்மறி வளக்கிறாராம். இவள் மகள் வரமாட்டாளாம், வெட்கமாம். நீ ஒருக்கா வந்து கதைச்சு விடு."

துலூஸுக்கு நாலரை மணி நேரப் பயணம். என்னுடைய ஓய்வு நாள் வாரத்தில் ஒன்றுதான். இதையெல்லாம் அவரிடம் சத்தம் போட்டே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் ஒரு ரயில் இருக்கிறது. ரிக்கெற் எடுத்துவிட்டேன்.