தாணுலிங்கம் அண்ணனின் பாட்டு வரிசை

தோவாளை பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் தெருவில் சொந்த வேன் வைத்து ஓட்டுகிறவர் தாணுலிங்கம் அண்ணன். அவசரம் என்று சொன்னால் வேனையே தந்துவிடுவார், அப்படி ஒரு மனசு. ஆனால் பென்டிரைவை மட்டும் கேட்டுவிடக் கூடாது. அவருடைய பாட்டெல்லாம் அதில்தான் இருந்தது.

2004-ல் வேன் வாங்கியபோது கேசட். அப்புறம் எம்பி3 சிடி, அதற்கும் அப்புறம் பென்டிரைவ். செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் வழிய வழியப் பாட்டு ஏற்றிக் கொடுத்த காலத்திலும் அண்ணன் நாகர்கோவிலுக்குப் போய் சிடியை விலைக்கு வாங்கி வருவார். முழுக்கக் கேட்பார். ஒன்றிரண்டு தேறினால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவிடுவார். வீணாகிறதே என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"மீன் வாங்குனா செதிலையும் சேத்தா தின்னுவ மக்கா?" என்றார்.

பாட்டை அடுக்குவதில் அவருக்குத் தனி முறை உண்டு. படம் வாரியாக அல்ல, பாடகர் வாரியாகவும் அல்ல, ரோடு வாரியாக. சபரிமலைக்கு ஒரு வரிசை, வேளாங்கண்ணிக்கு ஒரு வரிசை. ஆரல்வாய்மொழியில் காற்று வேனைப் பிடித்துத் தள்ளுகிற இடத்துக்கு மேளம் அதிகமுள்ள பாட்டு. மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரத்துக்குச் சினிமாக் குத்துப்பாட்டு. வேனில் இருந்த பழைய ஸ்டீரியோவில் பாட்டின் பெயர் தெரியாது, நம்பர் மட்டும்தான் வரும். எந்த நம்பரில் எந்த ஊர் தொடங்குகிறது என்பது அண்ணனுக்கு மனப்பாடம். நாகர்கோவிலில் பிரவுசிங் சென்டர் நடத்துகிற கிளாராதான் புதுப் பாட்டுகளை அவர் சொல்கிற முறையில் ஒவ்வொன்றாக ஏற்றித் தருவாள். அவளுடைய கம்ப்யூட்டரிலும் எல்லாப் பாட்டுக்கும் ஒரு காப்பி உண்டு.

"பால் வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துபோகும். பாட்டு நம்பரு மட்டும் மறக்காது இவியளுக்கு" என்பார் அவர் மனைவி சண்முகவடிவு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

இராஜாக்கமங்கலம் கடற்கரையில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறவர் ரீத்தா அக்கா. வருஷாவருஷம் செப்டம்பர் திருவிழாவுக்குக் கரைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வேளாங்கண்ணி போவார். அவர் எந்த வேனில் ஏறுகிறாரோ, அந்தக் கரையின் கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் அந்த வேனுக்குத்தான். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. மாதா கோயில் போய்ச் சேரும்வரை வேனில் சினிமாப் பாட்டு கூடாது. முந்தின வருஷம் சட்டத்தை மீறிய டிரைவரை அந்தக் கரையில் அதன்பிறகு யாரும் கூப்பிடவே இல்லை. 2011-ல் அந்தச் சவாரி தாணுலிங்கம் அண்ணனுக்குக் கிடைத்தது. அவர் வெகுநாள் காத்திருந்த சவாரி அது. கோயில் வாசல் கடையில் மாதா பாட்டு சிடிகளாக வாங்கிக் குவித்து, கேட்டுக் கேட்டு, ஊர் ஊராக வரிசை போட்டு வைத்தார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அண்ணி அவருடைய சட்டையைத் துவைகல்லில் ஓங்கி அடித்துத் துவைத்தார். பென்டிரைவ் சட்டைப் பையில் இருந்தது.

அண்ணன் போட்ட கூச்சலில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கத்தி என்ன பயன்? நாகர்கோவிலுக்கு ஓடினார். புதிதாக ஒன்று வாங்கி, கிளாராவிடம் எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சில் ஏற்றி வாங்கிக்கொண்டார். கடை பூட்டுகிற நேரம். போட்டுப் பார்க்க அவகாசம் இல்லை.

இனி நடந்ததை அண்ணனும் ரீத்தா அக்காவும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகிறது என்பதால் நம்புகிறேன்.

செபமாலை சொல்லி முடித்தார்கள். அண்ணன் நம்பரை அழுத்தினார். மாதா பாட்டுதான் வந்தது, பெண்கள் கூடப் பாடினார்கள். ஆரல்வாய்மொழியில் காற்று வேனை உலுக்கிய நேரத்தில் சரண கோஷத்தோடு ஐயப்பன் பாட்டு கிளம்பியது.

"மன்னிக்கணும் அக்கா, எங்கயோ மாறிப் போச்சு" என்று பட்டென நிறுத்தினார்.

"ஏன் நிறுத்துனீரு? சினிமாப் பாட்டுதானே கூடாதுன்னேன். சாமி பாட்டு கூடாதுன்னா சொன்னேன்? அது பாட்டுக்குப் பாடட்டும்" என்றார் ரீத்தா அக்கா.

அண்ணனுக்கு உயிர் வந்தது. ஆனால் ஐயப்பன் பாட்டு முடிந்த கையோடு வந்தது மதியத் தூக்கத்துக்கென்று அவர் வைத்திருந்த குத்துப்பாட்டு. சரியான பட்டனைத் தேடி அவர் விரல் தடுமாறுகிற நேரத்துக்குள் கடைசி சீட்டில் இருந்த டெல்சி, ரீத்தா அக்காவின் மருமகள், முன்சீட்டின் முதுகில் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள். ரீத்தா அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தார். கரைச் சவாரி மொத்தமும் கைவிட்டுப் போச்சு என்றே அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

ரீத்தா அக்கா முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு உறக்கம் வருது. உறங்குத ஆளுக்கு எந்தப் பாட்டு ஓடுனா என்ன?"

அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். உறங்குகிறவரின் கால் கட்டைவிரல் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த வேன் திருவிழாத் தேர் மாதிரி போனது. மாதா, ஐயப்பன், சினிமா, மறுபடி மாதா. அடுத்து வரப்போவது என்ன என்று பெண்கள் பந்தயம் கட்டினார்கள். மாதா பாட்டு வரும்போதெல்லாம் ரீத்தா அக்கா விழித்து, கூடப் பாடிவிட்டு, மறுபடி உறங்கினார்.

வேளாங்கண்ணியில் பெண்கள் பூசைக்குப் போனதும் அண்ணன் கிளாராவுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். அவள் நிதானமாகச் சொன்னாள்: "அண்ணா, ஒங்க ஸ்டீரியோவுக்குப் பேரும் தெரியாது, வரிசையும் தெரியாது. எந்தப் பாட்டு முதல்ல ஏறிச்சோ அதத்தான் முதல்ல பாடும். ஒண்ணொண்ணா ஏத்துனப்போ செரியா வந்துது. மொத்தமா ஏத்துனதுல கலைஞ்சு போச்சு."

அண்ணன் அங்கேயே ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் பிடித்தார். பாட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்து, பென்டிரைவை அழித்துவிட்டு, பழைய வரிசைப்படி ஒவ்வொன்றாக ஏற்றினார். பூசை முடிவதற்கும் அவர் முடிப்பதற்கும் சரியாக இருந்தது. திரும்பி வரும்போது வரிசையில் ஒரு குறை சொல்ல முடியாது. பெண்கள்தான் ஜன்னல் வழியே வெறித்துக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடி தாண்டியதும் ரீத்தா அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"போகும்போ போட்டீரே, அது எங்க?"

"அத அழிச்சிட்டேன் அக்கா."

"அழிச்சிட்டீரா? அடப் பாவி மனுசா!"

அடுத்த வருஷத்துக்கும் அவரையே கூப்பிட்டார்கள். அதற்கு ரீத்தா அக்கா ஒரு நிபந்தனை வைத்தார்: பாட்டை அடுக்கிக் கொண்டுவரக் கூடாது. அண்ணனும் தன் கையால் கலைத்துப் பார்த்தார். வரவில்லை. எப்படிக் கலைத்தாலும் காற்றடிக்கிற இடத்துக்கு மேளம் வந்து நின்றது. கடைசியில் கிளாராவிடம் போய்ப் பென்டிரைவை நீட்டினார்.

"நீயே மொத்தமா ஏத்து. எனக்கு அதப் பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். கிளாரா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் ரீத்தா அக்கா நாகர்கோவில் தாண்டுவதற்குள்ளேயே உறங்கிவிட்டாராம். அண்ணன் ஊர் திரும்பிய மறுநாள் டீக்கடையில் பிடித்து எப்படி இருந்தது என்று கேட்டேன். டீயை உறிஞ்சிவிட்டு என் தோளில் கை போட்டார்.

"அடுத்தது என்னன்னு எனக்கே தெரியாது, கேட்டியா? காதத் தீட்டிக்கிட்டு வண்டி ஓட்டுனேன். அதுல சில பாட்டு நான் வாங்குனதுதானான்னே சந்தேகமாயிட்டு. அவ்வளவு நல்லாருந்து மக்கா. இத்தன வருசமும் நான் பாட்டு கேக்கவே இல்ல. காவல்தான் இருந்திருக்கேன்."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.