மிச்சம் இருந்த மாத்திரை

விடுதிச் சலவைக்கூடத்தில் அவளைக் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து குவியும் துணிகளில் எந்தக் கறை எதில் பட்டிருக்கிறது என்று பார்த்துப் பிரித்துப் போடுவது அவள் வேலை. ஒரே கறைதானே என்று பட்டுக்கும் பருத்திக்கும் ஒரே மருந்தை ஊற்றினால் பட்டு பொசுங்கிப்போகும் என்று புதிதாக வருகிறவர்களிடம் ஓயாமல் சொல்லுவாள். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோனாள்.

நாளெல்லாம் ஈரத்தில் நின்று இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்திருந்தது. தோல் டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். மஞ்சள்காமாலை வந்ததுண்டா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா, கர்ப்பமா. பேத்தி எடுத்தவளிடம் போய் இதைக் கேட்கிறாரே மனுஷன் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாரம் ஒன்றாக விழுங்க மாத்திரை எழுதினார். "அரிப்பு நின்னாலும் நீங்களா நிறுத்தாதீங்க. வேற யாருக்கும் குடுக்காதீங்க" என்றார்.

அரிப்பு நின்றது, மாத்திரையையும் நிறுத்தினாள். அட்டையில் பாதி மிச்சம் இருந்தது.

அடுத்து அவள் கணவருக்கு வந்தது. தையல்காரர். நாள் முழுக்க மிஷினில் உட்கார்கிறவர், தொடையிடுக்கில் வந்தால் என்ன செய்வார்? டாக்டரிடம் போகலாம் என்றால் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவரை வளர்த்த அக்கா கூடவே இருக்கிறாள், நாக்கில் தேள். குளிக்காதவனுக்குத்தான் அரிப்பு வரும் என்பது அவள் தீர்ப்பு.

"அக்கா காதுல விழுந்துச்சுன்னா என் மானம் போயிரும். உன்கிட்டதான் மாத்திரை இருக்கே, குடு."

ஒரே படுக்கை, ஒரே நோய், மருந்து மட்டும் வேறா என்று அவளும் கொடுத்துவிட்டாள். அவர் இதயத்தில் வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமலிருக்கத் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் தெரியவில்லை.

இரண்டாவது மாத்திரைக்குப் பிறகு பல் தேய்க்கும்போது ரத்தம் நிற்கவில்லை. மேஜை முனை இலேசாக இடித்த இடம் கறுத்துப் படர்ந்தது. ஒரு காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. அக்காவும் அவளும் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"புதுசா ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லை" என்றார் அவர். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது. பக்கத்திலேயே அக்கா நின்றாள்.

சொன்னால் இந்த மனுஷன் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டார். சொல்லாவிட்டால் மன்னிக்க ஆளே இருக்கமாட்டார்.

"நான் குடுத்தேன் டாக்டர். படர்தாமரைக்கு எனக்கு எழுதின மாத்திரை. அவருக்குத் தொடையிடுக்குல அரிப்பு."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் திட்டவில்லை. இந்தப் பூஞ்சை மாத்திரை ரத்த மாத்திரையின் வேகத்தை ஏற்றிவிடும், இன்னும் ஒன்று போயிருந்தால் தலைக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார். ரத்தப் பரிசோதனை, மாற்றுமருந்து, ஊசி என்று ஒரு வாரம் போனது. ரத்தம் நின்றது. அந்த வாரம் முழுக்க அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிழைத்தாரே, அது போதும் என்று அவள் கஞ்சி ஊட்டினாள். ஆனாலும் வலித்தது.

வீட்டுக்கு அனுப்பும் முன் தோல் டாக்டர் அவரைப் பார்த்து, ரத்த மாத்திரையோடு ஒத்துப்போகும் களிம்பாகத் தேடி எழுதினார். தடிப்பைத் தாண்டி இரண்டு விரலகலம் தடவ வேண்டும், மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை விடக்கூடாது. அவளையும் திரும்ப வந்து காட்டச் சொன்னார்.

வீட்டில் அறைக்குள் போன அவர், கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"இங்க வா. பின்பக்கம் எனக்கு எட்டலை."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். விரலில் களிம்பு எடுத்தாள்.

"உள்ள என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

அவள் விரல் அப்படியே நின்றது. என்ன பொய் சொல்வது என்று தேடினாள்.

"எனக்கு மருந்து போடறா, அக்கா" என்றார் அவர்.