வரிசையில் அம்மாவின் வாளி

நல்லெண்ணெய் காயும்போது வாசனைக்கு முன்னால் ஒரு மெல்லிய சத்தம்தான் வரும். உள்ளே போட்ட நாலு மிளகும் ஒரு சிட்டிகைச் சீரகமும் பொரிந்து, அடுத்த அறையில் யாரோ தாளைக் கசக்குவதுபோல் கேட்கும். என் ஒன்பதாவது வயதின் சனிக்கிழமைகள் அந்தச் சத்தத்தில்தான் விடிந்தன. தமிழர் கடல் கடந்து வந்து குடியேறிய எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில், குயின் தெருவின் பழைய கடைவீடு ஒன்றின் மாடியைப் பலகைத் தடுப்புகளால் பிரித்து ஆறு குடும்பங்கள் குடியிருந்தோம். அப்பா லாரியோடு வடக்கே போனால் ஞாயிறு இரவுதான் திரும்புவார். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா.

பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டிய நாள் செவ்வாயும் வெள்ளியும், சனிக்கிழமை ஆண்களுக்கு. அம்மாவுக்கு ஓய்வு கிடைத்ததோ சனிக்கிழமையில் மட்டும். யாராவது குறை சொன்னால், "என் வார்டை நீங்க பாத்துக்கிட்டா நான் வெள்ளிக்கிழமையே குளிச்சுக்கிறேன்" என்பாள். வார்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். எத்தனையோ நடைமுறைகளை மனப்பாடமாக அறிவேன். அந்த வீட்டுக் குளியலறையின் நடைமுறைபோல் கறாரான ஒன்றை எந்த இலாகாவிலும் பார்த்ததில்லை. கீழே, வானம் தெரியும் நடுமுற்றத்தை ஒட்டி, ஆறு குடும்பத்துக்கும் ஒரே குளியலறை. வரிசையில் ஆள் நிற்கவேண்டாம், வாளி நின்றால் போதும். வாளியைப் பின்னால் நகர்த்தும் அதிகாரம் வாளிக்கு உரியவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டுமே உண்டு. எண்ணெய் வைப்பவர்களுக்கு இதில் ஒரு துணை விதியும் இருந்தது: தனக்கு முன்னால் மூன்று வாளி இருக்கும்போது தலையில் வைத்தால், எண்ணெய் ஊறவும் முறை வரவும் சரியாக இருக்கும்.

அந்த ஆண்டு தைப்பூசம் கழிந்தும் மழை இல்லை. காலை பத்து மணிக்குக் குழாய் அடங்கிவிடும். அதன்பின் தொட்டியில் மிஞ்சியது சமையலுக்கு. ஆகவே பத்துக்குள் குளிக்காதவர்கள் குளிக்காதவர்கள்தான். அம்மா மாடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க, நான் முற்றத்தில் எங்கள் பச்சை வாளிக்குக் காவல்.

என் காவலின் லட்சணத்தைச் சொல்லவேண்டும். மூன்றாம் அறைச் சிவா அண்ணன் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். "தங்கச்சி, ஃபெரி போயிரும் லா" என்று அவர் கெஞ்சினால் வாளியை ஓரடி நகர்த்துவேன். எதிர் அறை மேரியக்கா, தேவாலயத்தில் பூ அலங்காரம் தன் பொறுப்பு என்பார், இன்னும் ஓரடி. "பரவால்ல, நீங்க போங்க" என்பதுதான் அம்மா எல்லோரிடமும் சொல்லும் பேச்சு. அவள் சார்பில் நான் சொன்னேன், அவ்வளவுதான். மூன்று சனிக்கிழமைகள் அம்மா எண்ணெய்த் தலையோடு கீழே வந்து, காற்றை மட்டும் துப்பும் குழாயைப் பார்த்துவிட்டு, ஈரத்துணியால் தலையைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். ஞாயிற்றுக்கிழமை பிசுபிசுத்த கொண்டையோடு வேலைக்குப் போனவளைத் தலைமைத் தாதி எல்லோர் முன்னாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தாராம். அதை அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றிரவு சாப்பிடவில்லை.

நான்காவது சனிக்கிழமையும் நான் வாளியை நகர்த்தினேன்.

அம்மா படியிறங்கி வந்தாள். நெற்றியோரம் எண்ணெய் வழிந்தது. வரிசையின் கடைசியில் நின்ற வாளியைப் பார்த்தாள், பிறகு என்னை. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவளோ வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லா வாளிகளையும் கடந்து போய், கதவுக்கு முன்னால் 'ணங்' என்று வைத்து, கதவைத் தட்டினாள்.

"சிவா, வெளிய வா தம்பி. இது என் முறை."

"அக்கா, ஃபெரி போயிரும் லா!"

"அடுத்த ஃபெரி கால் மணியில வரும். எனக்கு அடுத்த சனிதான் வரும்."

சோப்பு நுரை காதில் இருக்க, சிவா அண்ணன் துண்டோடு வெளியே வந்தார். மேரியக்கா இடுப்பில் கைவைத்து, "என்னடி ராஜம், இன்னிக்கு ரொம்பப் புதுசா இருக்கே?" என்றார்.

"புதுசுதான் மேரி. மூணு வாரம் பழசா இருந்து பாத்துட்டேன், நல்லால்ல."

தாழ்ப்பாள் விழுந்தது. முற்றத்துச் சதுர வானத்திலிருந்து வெயில் சாய்ந்து இறங்க, நாங்கள் எல்லோரும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி நின்றோம். ஒவ்வொரு 'காயோங்' குவளைத் தண்ணீரையும் மெல்ல, நேரம் எடுத்து ஊற்றிக்கொண்டாள். சீயக்காய் வாசனை கதவின் அடியில் கசிந்து வந்தது. யாரும் தட்டவில்லை. சிவா அண்ணன் நுரை காய்ந்த காதோடு கூரையில் நடந்த புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அறைக்குள் சாம்பிராணிப் புகை. மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு அம்மா படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வெளிய போய் விளையாடு. இது என் நேரம்" என்றாள், கண்ணைத் திறக்காமல். கோபம் இல்லாத அந்தக் குரலுக்கு அடியே மேல் என்று இருந்தது. வெளியே போய்ப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். புகைக்குள் அவள் ஒன்றுமே செய்யவில்லை. பிறகு எழுந்து, கழுத்தில் பவுடர் போட்டாள். தன் கைகளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்த்து, வெகுநாள் கழித்துச் சந்தித்தவளிடம் சிரிப்பதுபோல் சிரித்தாள். அந்தப் பெண்ணை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தியதில்லை. நான் பிறப்பதற்கு முன்பும் அவள் இருந்திருக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்த வீடு இப்போது வெளிநாட்டவர் தங்கும் விடுதி. முற்றத்தில் மீன் நீந்துகிறது, அறைக்கு ஒரு குளியலறை. ஆறு குடும்பங்களும் கடலின் இருபுறமும் சிதறிவிட்டன. அம்மா போய்ப் பத்து ஆண்டுகளாகின்றன. பணி ஓய்வுக்கு முன் எங்களை உட்காரவைத்து ஒரு பெண்மணி, தன்னைத்தானே நேசிப்பது எப்படி என்று ஐந்து படிகளில் பாடம் நடத்தினார். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு கட்டம். எல்லாவற்றிலும் 'டிக்' போட்டுக் கொடுத்தேன். கட்டத்தைக் காலியாக விடுவது என் வழக்கமில்லை.

என் அடுக்குமாடி வீட்டில் இரண்டு குளியலறைகள். வெளியே காத்திருப்பவர் யாரும் இல்லை. ஆனால் நடைமுறை தெரிந்தவள் என்று பெயரெடுத்தால் விடுமுறை கிடையாது. மொத்தக் கட்டடத்துக்கும் பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்பித் தருபவள் நான்தான். போன சனிக்கிழமை தலையில் எண்ணெயோடு இருந்தபோது மணி அடித்தது. ஏழாம் மாடி லட்சுமி.

"அக்கா, ஒரே ஒரு பாரம். அஞ்சு நிமிஷம் லா."

"குளிச்சுட்டு வர்றேன். பதினோரு மணிக்கு வா."

"பன்னண்டுக்கு சிஸ்டம் மூடிரும்க்கா!"

"ராத்திரி பன்னண்டுக்கு" என்றேன். "எனக்குத் தெரியாதா?"

அவள் போனபின் கதவைச் சாத்தி, ஏதோ தப்புச் செய்தவள்போல் தாழ்ப்பாளை இருமுறை தொட்டுப் பார்த்தேன். பிறகு போய் வெந்நீரைத் திறந்துவிட்டேன்.