உள்ள இருந்து வரைஞ்ச படம்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா நான் எந்திரிச்சுப் போயிருவேன் தம்பி. வேலை பாத்த காலம் பூரா நான் டிராயிங் மாஸ்டர். ஸ்கேலும் பென்சிலும்தான் எனக்குச் சாமி, கோடு போட்டுக் காட்ட முடியாத எதையும் நம்புனதில்ல. அதனால இப்பச் சொல்லப்போறத நீங்க நம்பலைன்னா எனக்கு வருத்தமே கிடையாது, உங்க எடத்துல நான் இருந்தாலும் நம்பமாட்டேன். ஆனா நடந்துச்சு. ராத்திரிகூட இல்ல, உச்சிவெயில்ல நடந்துச்சு. பயமா இருந்துச்சாங்கிறீங்களா? பயம் அன்னைக்கே போயிருச்சு, வெக்கம்தான் இன்னும் போகல.

வெள்ளைக்காரன் காலம் அது. எங்க ஊரு மேலூருக்குப் பக்கம். எங்கப்பா பெரிய வீட்டுப் பண்ணையில வேலை பாத்தாரு, நிலம்னு எங்களுக்குக் கையகலம் கிடையாது. நான் எப்படியோ மதுரைக்குப் போயி ஆஸ்டல்ல தங்கிப் படிச்சு, டிராயிங் பரீட்சைக்கு வந்து நின்னேன். அதுல பாஸானா பள்ளிக்கூடத்துல வேலை, எங்கப்பா குனிஞ்ச முதுகு நிமிரும், அம்புட்டுதான் எங்க கனவு. எனக்குப் பூ வரும், கூஜா வரும், ரூம் வரையிறது மட்டும் வரல. பெர்ஸ்பெக்டிவ்னு சொல்வாங்க. ஒரு ரூமுக்குள்ள நாற்காலி, அலமாரி, கதவெல்லாம் எப்படி இருக்கோ அப்படியே காகிதத்துல கொண்டு வரணும். சூட்சுமம் ரொம்பச் சின்னது. வரையிறவன் கண்ணு எந்த ஒசரத்துல இருக்கோ அந்த ஒசரத்துல குறுக்க ஒரு கோடு. தரை விளிம்பு, சுவத்து விளிம்பு எல்லாம் ஓடிப் போயி அந்தக் கோட்டுல ஒரு புள்ளியில சேரும். நின்னு வரைஞ்சா அந்தக் கோடு மேல இருக்கும், உக்காந்து வரைஞ்சா கீழ எறங்கிரும். படத்தப் பாத்தாலே வரைஞ்சவன் நின்னானா உக்காந்தானான்னு சொல்லிரலாம். இத மட்டும் மனசுல வச்சுக்கங்க.

எங்க வீட்டுலயே பழகலாம்னா அது மண்சுவரு, பனையோலைக் கூரை, மூலைன்னு ஒண்ணு நேரா இருந்தாத்தானே. எந்தக் கோட்டப் புடிச்சாலும் அது புள்ளிக்குப் போகாது, நேரா ஆட்டுக்குட்டி மேலதான் போயி முட்டும். அதனால லீவுக்கு வந்தப்ப அப்பா போயி பெரிய வீட்டு அய்யாகிட்ட கேட்டாரு.

அய்யா நல்ல மூடுல இருந்தாரு போல. "படிக்கிற பய, வரைஞ்சுட்டுப் போகட்டும். வாசல்ல இருந்தே வரையச் சொல்லு, படி ஏறக் கூடாது"ன்னாரு. கதவு ரெண்டையும் விரியத் திறந்து, தேக்கு நாற்காலிய அவரே வாசலப் பாத்து கூடத்துக்கு நடுவுல இழுத்துப் போட்டாரு. தன்னோட நாற்காலி படத்துல வருதுன்னு அவருக்கு ஒரு பெருமை. நான் மதுரையில தச்ச வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போயி, படிக்குக் கீழ மண்ணுல சம்மணம் போட்டு, பலகைய மடியில வச்சு உக்காந்தேன். நிமிர்ந்துதான் உக்காந்தேன் தம்பி. எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

மதியச் சாப்பாடு முடிஞ்சு வீடே பின்கட்டுல படுத்துருச்சு. அப்பா தொழுவத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. கூடத்துல ஈ காக்கா இல்ல. நான் கைய நீட்டி, ஒரு கண்ண மூடி, பென்சில வச்சு நாற்காலிக் கால அளந்தேன். அதுவரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் குளுகுளுன்னு இருந்துச்சு. மண்ணு கொதிக்குது, எனக்கு உள்ளங்காலு ரெண்டும் சிமிட்டித் தரையில வச்ச மாதிரி சில்லுங்குது. கை அது பாட்டுக்கு ஓடுது, ஒரு கோடுகூட அழிக்கல. தூங்கியிருப்பேன்னு சொல்வீங்க, தூங்குறவன் கோடு போடுவானா?

"டேய், முடிச்சிட்டியா? வையி, பாப்போம்." சத்தம் கேட்டு முழிச்சா, அய்யா வாசப்படியில நிக்கிறாரு. நான் காகிதத்துல என்ன இருக்குன்னுகூடப் பாக்கல, படிமேல வச்சுட்டு நகந்துக்கிட்டேன். கையில கொடுக்கக் கூடாது, வச்சுட்டு நகரணும், அங்க அதான் வழக்கம்.

எடுத்துப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கூடத்துக்குள்ள போயித் திரும்பி நின்னு, வாசல் நிலைக்கு மேல அண்ணாந்து பாத்தாரு.

"எப்படா உள்ள வந்த?"

அப்பா தொழுவத்துல இருந்து ஓடியாந்து, என்ன ஏதுன்னே தெரியாம மண்ணுல விழுந்துட்டாரு. "சின்னப்பய, தெரியாமச் செஞ்சுட்டான் சாமி"ங்கிறாரு. நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல. அய்யா காகிதத்த வெளிய விட்டெறிஞ்சாரு. அப்பத்தான் நானே பாத்தேன்.

அதே கூடம், அதே நாற்காலி. ஆனா வெளிய இருந்து உள்ள பாத்த படம் இல்ல, உள்ள இருந்து வெளிய பாத்த படம். நாற்காலிக்கு முதுகுப்பக்கம் தெரியுது. அதுக்கு அங்கிட்டு திறந்த கதவு, வெயிலு, தொழுவம். நிலைக்கு மேல உள்சுவத்துல பின்னிவிட்ட நெற்கதிர்க் கொத்து ஒண்ணு தொங்குது. வாசல்ல உக்காந்தவனுக்கு அது எந்த ஜென்மத்துலயும் தெரியாது.

அப்பா விழுந்து கெடந்தபடியே எட்டிப் பாத்து, "இது என் பின்னலாச்சே"ன்னு முணுமுணுத்தாரு. தை அறுப்புல முதக் கதிரப் பின்னி வருசாவருசம் படிமேல வச்சுட்டு வர்றது அவருதான். அது உள்ள எங்க போகுதுன்னு அவரு கண்டதே இல்ல.

அய்யா தரையக் குனிஞ்சு பாத்தாரு. அப்பத்தான் தொடச்ச கூடம், என் காலு பூராம் செம்மண்ணு, உள்ள ஒரு தடம் கிடையாது. அவரு கொரலு எறங்கிருச்சு. "எந்திரிப்பா. மகனக் கூட்டிட்டுப் போ. அதையும் எடுத்துட்டுப் போயிரு"ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாரு. நல்ல வேளை, அப்பா பொழப்புல கை வைக்கல.

காகிதத்தக் குனிஞ்சு எடுக்கும்போதுதான் அந்த ஆளக் கவனிச்சேன். படத்துல வாசலுக்கு வெளிய, படிக்குக் கீழ ஒருத்தன் குத்தவச்சுக் கூனிப்போயி உக்காந்திருக்கான். மேல சட்டை இல்ல, சுருட்டிக் கக்கத்துல இடுக்கியிருக்கான். எவன்டா இந்தக் கூழைக்கும்பிடுன்னு பாத்தா, மூஞ்சி என் மூஞ்சி. என்னையே தொட்டுப் பாக்குறேன், வெத்து ஒடம்பு. வெள்ளைச் சட்டை கசங்கி என் கக்கத்துல இருக்கு. கழட்டுன்னு யாருமே சொல்லல தம்பி. எப்பக் கழட்டுனேன்னு இன்னைக்கும் தெரியாது. அப்பா அதப் பாத்துட்டு முன்னால நடந்தாரு, பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு எனக்கு.

பரீட்சையில மனசுலயே ஒரு ரூமக் கட்டி வரைஞ்சேன், பாஸ். வேலையும் கெடச்சுச்சு. அந்தக் காகிதத்த மட்டும் ரொம்ப வருசம் நான் எடுக்கவே இல்ல. ஒரு நாளு எடுத்து, வாத்தியார் புத்தி பாருங்க, ஸ்கேல வச்சு கோடுகள எல்லாம் நீட்டிப் பாத்தேன். சுத்தமா ஒரே புள்ளியில வந்து சேருது. அந்தப் புள்ளி நாற்காலிக் கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல இருக்கு. நின்னவன் கண்ணு இல்ல அது, நாற்காலியில உக்காந்தவன் கண்ணும் இல்ல. பின்சுவரு ஓரமா தரையில குத்தவச்சவன் கண்ணு.

உள்ள போனது நான்தானா வேற எதுவுமான்னு என்னைக் கேக்காதீங்க, தெரியாது. ஆனா நான்தான்னா, வீடே தூங்குது, பாக்க ஒரு ஆளு இல்ல, கண்ணு முன்னாடி நாற்காலி சும்மா கெடக்கு. அப்பவும் நான் ஏன் தரையில குத்தவச்சேன்?