முதலாளியம்மாவின் சட்டை

என் சித்தியின் கை சும்மா இருக்காது. தண்ணீர் பாட்டிலின் லேபிள், சுவரில் பொரிந்து நிற்கும் பெயிண்ட், பக்கத்தில் இருப்பவரின் ஆறிவரும் புண்ணின் பொருக்கு என்று உரிந்து வரும் எதையும் விடாது.

"இருமல் மருந்துன்னு நினைச்சு ரெண்டு நாளா நான் எதைக் குடிச்சேன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். லேபிளை உரிச்சு உருட்டிப் போட்டுட்டா" என்பார் சித்தப்பா.

"இருமல் நின்னுச்சா இல்லையா?" என்பாள் சித்தி.

அவளுக்கு வேலை மிருகக்காட்சிசாலையில். முதலில் மான்கள், விழுந்த கொம்புகளைப் பொறுக்கினாள். பிறகு மயில்கள், தோகை உதிர்ந்து மொட்டை வாலோடு அவை திரியும் நாட்களில் கூடை கூடையாக அள்ளினாள். இப்போது பாம்புகள். "அதுங்க கழட்டிப் போடும், நான் பெருக்கணும்" என்பாள், குறையாக அல்ல. நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழியில் இலை உதிர்வதற்கும் கொம்பு விழுவதற்கும் தோல் உரிவதற்கும் கண்ணீர் சிந்துவதற்கும் ஒரே வினைச்சொல்தான் என்று ஒருமுறை சொன்னேன்.

"எல்லாத்துக்கும் ஒண்ணேதானா? கஞ்சப் பசங்க!" என்றாள்.

பாம்புகளில் மூத்தவள் ஒரு மலைப்பாம்பு. நாள் முழுக்கப் படுத்துக்கொண்டே மற்றவர்களை வேலை வாங்குவதால் சித்தி வைத்த பெயர் முதலாளியம்மா. குட்டியிலிருந்து சித்திதான் வளர்த்தாள். வழக்கமாக முதலாளியம்மாவின் சட்டை, காலுறையைக் கழற்றுவதுபோல உள்பக்கம் வெளியே வர, ஒரே துண்டாக உரியும். வயதாகிவிட்டதாலோ என்னவோ, இந்த முறை துண்டு துண்டாகக் கிழிந்தது. உடம்பில் உரிந்து வந்துவிட்டது. தலையில் மட்டும் பழைய தோல் ஒட்டிக்கொண்டது, கண்களையும் மூடி. முதலாளியம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

மருத்துவர் வந்து பார்த்தார். "இழுத்துடாதீங்கம்மா. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணு மேல ஒரு செதில்தான். பழசோட புதுசும் சேர்ந்து வந்துட்டா பார்வை போயிடும். ஈரம் மட்டும் காட்டுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா மயக்கம் கொடுத்து நானே எடுக்கிறேன்."

"மயக்கம் தெளிஞ்சிடும்ல சார்?"

"இந்த வயசுல சொல்ல முடியாதும்மா."

சித்தி நனைந்த சாக்குகளை விரித்தாள், சொரசொரப்பான கட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். இனி செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் கஷ்டம். பாம்பின் தாடையோரம் பழைய தோலின் ஒரு நுனி தூக்கிக்கொண்டு நின்றது. "வா வான்னு கூப்பிடுதுடி" என்று என்னிடம் புலம்பினாள். மறுநாள் வெல்டிங் பட்டறையில் கேட்டுத் தடித்த தோல் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டாள். அதோடு ஒரு காகிதத்தைக்கூடப் பிடிக்க முடியாது.

வாயிற்காவலருக்குக் கொண்டாட்டம். "என்னக்கா, இத்தனை வருஷம் கழிச்சுப் பாம்புக்குப் பயமா?"

"என்னை அவகிட்டேருந்து காப்பாத்த இல்லப்பா. அவளை என்கிட்டேருந்து காப்பாத்த."

வியாழக்கிழமை மாலை நான் போனபோது கண்ணாடி அறைக்குள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். உறை போட்ட கைகள் இரண்டும் தொடைக்கடியில். முதலாளியம்மா ஒரு சாக்கின் அடியில் நுழைந்து மறுபக்கம் வந்தாள். நுனி இன்னும் நீண்டு தொங்கியது. சித்தியின் தோள் முன்னால் சாய்ந்தது.

"பேசுடி, எதையாவது பேசு" என்றாள்.

நான் அவள் தோளில் கைவைத்து நின்றேன்.

பாம்பு தாடையைக் கட்டையில் தேய்த்தது. நின்றது. திரும்பவும் தேய்த்தது. நுனி ஒரு பிளவில் சிக்கியது. முதலாளியம்மா அவசரப்படவில்லை, தலையை மெல்ல, மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நனைந்த காகிதம் உரிந்ததுபோல் ஒரு சத்தம். கட்டையில் ஒரு சின்ன முகமூடி தொங்கியது.

சித்தி கையுறைகளை உதறிவிட்டு அதை எடுத்தாள். உள்பக்கத்தை மெதுவாகத் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்தாள். கண் இருந்த இடத்தில் கண்ணாடிபோல் ஒரு வட்டம்.

"ஒண்ணு" என்றாள். மறுபக்கம் திருப்பினாள். "ரெண்டு!"

கட்டைமேல் முதலாளியம்மாவின் தலை ஈரமாகப் பளபளத்தது. இரண்டு கண்களும் கறுப்பாக, தெளிவாக இருந்தன.

"பாவம், பசியா இருப்பா" என்று சொல்லிக்கொண்டே சித்தி தீவன அறைக்கு ஓடினாள். நாக்கை நீட்டி நீட்டி, அவள் போன திசையிலேயே தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது பாம்பு.