மிளகாய் வேலியில் ஒரு வாசல்

வேளாண்மை அலுவலகத்தில் அவளுக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி; ஊருக்கு அவள் மிளகாய் அக்கா. யானைக்கு மிளகாய் நெடி ஆகாது என்று எங்கோ பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து, ஆற்றோர வயல்களின் விளிம்பெல்லாம் மூன்று வரிசை மிளகாய் நட வைத்தவள். பெயர் அதனால் வந்தது என்பாள் அவள். வாயால் வந்தது என்பான் அவள் தம்பி.

ஆறுதான் எல்லை. இக்கரை ஒரு நாடு, அக்கரை இன்னொன்று. இரண்டு பக்கக் காட்டையும் காப்பாற்ற இரண்டு அரசாங்கமும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தன. யானைக்குக் குழுவும் தெரியாது, எல்லையும் தெரியாது. ஆனாலும் மிளகாய் வந்த நாலு வருஷமாக இக்கரையில் ஒரு சோளத்தட்டைகூட ஒடியவில்லை. ஆற்றை ஒட்டிச் சோளம் போடும் தம்பி, "எங்க அக்கா போட்ட வேலி" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வருஷக் குழுக் கூட்டம் அக்காவின் அலுவலகத்தில் நடந்தது. அக்கரை வனத்துறை அதிகாரி ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். "எங்க பக்கம் நாலு வருஷமா பயிர்ச் சேதம் ஏறிக்கிட்டே போகுதுங்க" என்றார்.

"அதுக்கு நாங்க என்னங்க பண்றது?" அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள்.

அவர் ஒரு வரைபடத்தை விரித்தார். அக்காவின் வரைபடத்தில் ஆற்றுக்கு அப்பால் வெறும் வெள்ளை. அவருடையதில் இந்தப் பக்கம் வெள்ளை. இரண்டையும் ஆற்றுக் கோட்டில் சேர்த்து வைத்தார். வருஷா வருஷம் அக்காவின் மிளகாய் வேலிப் பச்சைக்கோடு நீள நீள, அக்கரையில் சேதத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் பெருகியிருந்தன. அக்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து இக்கரைக் காட்டுக்குப் போகும் யானைகளின் பழைய வழி, நேராக வந்து தம்பியின் மிளகாயில் முட்டி நின்றது.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "விரட்டிட்டேன்னு நினைச்சேன். உங்க தலையில இல்ல கட்டியிருக்கேன்" என்றாள்.

பழைய வழியில் நாற்பது அடிக்கு மிளகாயை எடுத்துவிடுவது என்று முடிவானது. நிலத்துக்காரன் கையெழுத்துப் போட வேண்டும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அக்காவுக்கு மணியோசை அவளுடைய ஓட்டை ஸ்கூட்டர். அந்தச் சத்தம் கேட்டுச் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்த தம்பியின் முகம், விஷயத்தைக் கேட்டதும் சுண்டிப்போனது.

"ஊர்ல வேற சோளக்காடே கிடைக்கலையா உனக்கு?"

"வழி உன் காட்டுலதான்டா இருக்கு."

"நட வச்சதும் நீ. பிடுங்கச் சொல்றதும் நீ."

"தப்புப் பண்ணிட்டேன்டா."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டான். அதோடு அவளிடம் பேச்சையும் விட்டான்.

ஐந்து மாதம். போன் செய்தால் எடுப்பதில்லை. வழியில் பார்த்தால் மாட்டைத் தேடுவது போல் திரும்பிக்கொண்டான். இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி. அக்காவுக்கு வலித்தது, நிரம்பவே வலித்தது. அலுவலகத்தில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள்.

சோளம் பால்பிடித்த மாதத்தில் ஒரு காலை அவனே அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நின்றான்.

"மேடம், பயிர்ச் சேதப் படிவம்."

மேடம்! அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"சேதத்துக்குக் காரணம்?"

"எங்க அக்கா."

பக்கத்து மேசைக்காரர் இருமினார். அக்கா 'யானை' என்று எழுதினாள். "எத்தனை?"

"ஆறு. ஒரு குட்டி."

சேதத்தை நேரில் பார்ப்பது விதி. அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு அவன் சோளக்காட்டுக்குப் போனாள். வழி விட்ட இடத்தின் இரு ஓரமும் சோளம் மிதிபட்டுக் கிடந்தது. மிளகாய் இடைவெளியை அளந்தாள். மறுபடி அளந்தாள். ஐம்பத்திரண்டு அடி வந்தது.

"நாப்பதுதானே எடுத்தோம்? மிச்சச் செடியை யாரு பிடுங்கினது?"

தம்பி தரையைப் பார்த்தான். "குட்டி ஓரத்துச் செடிகிட்ட வந்து தும்மிக்கிட்டே நின்னுடுச்சு. அது நகராம தாயும் நகரல. நின்ன இடத்துல எல்லாம் சேர்ந்து சோளத்தை மேஞ்சுட்டுப் போச்சு. என் சோளத்துக்காகத்தான் பிடுங்கினேன். குட்டிக்காக ஒண்ணும் இல்ல."

அக்கா படிவத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதப் போனாள்.

"எழுதாத அக்கா," என்றான் தம்பி. "ஊர்ல பார்த்தா சிரிப்பாங்க."