நாவல் சாறு பச்சையான நேரம்

மன்னார் ஆஸ்பத்திரியில் நீரிழிவு கிளினிக்குக்காகக் காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் ஒரு பெண் நாவல் பழம் தின்றபடி, ஒவ்வொரு கொட்டையையும் துடைத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார். விரலெல்லாம் ஊதா.

"கொட்டைத்தூள் நானும் குடிக்கிறன். டாக்குத்தர் தந்த குளிசையை விட்டிட்டன்," என்றேன்.

அவர் துள்ளி எழுந்தார். கைகழுவும் தொட்டிக்கு என்னை இழுத்துப்போய், ஒரு பழத்தைச் சவர்க்கார நுரையில் நசுக்கினார். ஊதாச் சாறு நீலமாகி, பச்சையானது. நான் கத்தியே விட்டேன்.

"பாத்தீங்களோ! இதுக்குள்ள எவ்வளவு இரசாயனம்! கொட்டைக்குள்ளயும் இருக்கு. ஆனா உங்கட உடம்புக்கு எவ்வளவு தூள் காணும், எவ்வளவு கூடிப்போகுமெண்டு ஆருக்குத் தெரியும்? குளிசைக்கு அளவிருக்கு. விடாதேங்கோ!"

மருத்துவரிடம் அன்றுதான் உண்மையைச் சொன்னேன். குளிசையை மறுபடி எழுதித் தந்தார். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல ஓடிவந்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. அவர் நோயாளியா, ஆசிரியையா? இன்றுவரை தெரியாது.